காளானை ஆய்ந்த பிராகோனோ

மழை ஓய்ந்த மறுநாள் சேத்தியாத்தோப்பில் வைக்கோற்போரின் அடியில் காளான் தலைநீட்டும். தொட்டால் நைந்துபோகும் அதனை நிமிர்த்தி நிறுத்தும் பொருள் யாது?

இதற்கு விடை தேடியவர் பிரான்சு நாட்டு வேதியியலறிஞர் ஆன்றி பிராகோனோ. 1780இல் பிறந்த அவர், 13ஆம் வயதில் மருந்துக்கடையொன்றில் தொழில் பயின்றார். பின்னாளில் நான்சி நகரத் தாவரத் தோட்டத்தின் தலைவரானார். காளானை நீர்த்த காரக்கரைசலில் இட்டுச் சூடாக்கினார். புரதம் முதலியன கரைந்தகன்றன. கரையாது எஞ்சிய செல்சுவர்ப் பொருளுக்கு 1811இல் ‘பங்கின்’ எனப் பெயரிட்டார். அது பல்சர்க்கரை வகையைச் சார்ந்தது.

1823இல் அதனையே வண்டின் சிறகோட்டில் கண்ட ஓடியே என்பார், ‘கைட்டின்’ என்றார், அப்பெயரே நிலைத்தது. முந்திக் கண்டவர் இட்ட பெயர் மறைந்தது முறையோ? ஆயினும், காரத்தால் பிரிக்கும் வழியை ஆய்வுக்கூடங்கள் இன்றும் கைக்கொள்கின்றன. பிராகோனோ 1855இல் மறைந்தார்.