ஆறிய பிறகும் ஆபத்தான குழாய்: யார் இந்த காரியஸ்?

திருத்தணி மலையடிவாரத்தில் படித்திருந்தாலும் சரி, சென்னையில் படித்திருந்தாலும் சரி, பிளஸ் 1 வேதியியலில் 'காரியஸ் முறை'யை மனப்பாடம் செய்யாமல் தப்பித்திருக்க முடியாது. பெயர் தெரியும். ஆளைத் தெரியுமா?

கேயார்க் லுட்விக் காரியஸ், 1829 ஆகஸ்ட் 24-ல் ஜெர்மனியின் பார்பிஸ் என்ற ஊரில் பிறந்தவர். கோட்டிங்கனில் படித்துவிட்டு, ஹைடல்பெர்க்கில் ராபர்ட் பன்சனிடம் உதவியாளராகச் சேர்ந்தார். ஆமாம், நம்ம லேப் பன்சன் பர்னரின் அதே பன்சன்தான். ஆர்சனிக் சேர்மம் ஒன்று வெடித்ததில் பன்சனுக்கு வலது கண் பார்வை போயிருந்தது. சோதனையில் கவனம் சிதறினால் என்ன நடக்கும் என்பதற்கு, குருவின் முகமே சாட்சி.

காரியஸுக்கு முன் இருந்த சிக்கல் இதுதான்: ஒரு கரிமச் சேர்மத்தில் குளோரினோ கந்தகமோ எவ்வளவு இருக்கிறது? கண்டுபிடிக்க, அந்தப் பொருளை முழுசாகச் சிதைக்க வேண்டும். திறந்த பாத்திரத்தில் நைட்ரிக் ஆசிட்டைக் கொதிக்க வைத்தால், அளக்க வேண்டியதும் ஆவியோடு போய்விடும்.

1860-ல் அவர் சொன்ன வழி: தடித்த கண்ணாடிக் குழாயில் பொருளையும் ஆசிட்டையும் போட்டு, வாயை உருக்கி மூடி, உலையில் 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குவது. குளோரின் என்றால் சில்வர் நைட்ரேட்டும் உள்ளே போகும். கடைசியில் கிடைக்கும் சில்வர் குளோரைடை எடை போட்டால் கணக்கு முடிந்தது.

ஆனால் உள்ளே வாயுக்கள் சேர்ந்து அழுத்தம் எகிறும். அதனால் பொருளை ஒரு சிட்டிகைக்கும் குறைவாகத்தான் எடுப்பார்கள். குழாய் வெடித்தாலும் சிதறல் வெளியே வராதபடி இரும்பு உறைக்குள் வைப்பார்கள்.

பலரும் ஏமாறும் இடம் அதற்குப் பிறகுதான். குழாய் ஆறிவிடும், ஆனால் அழுத்தம் முழுசாக இறங்கியிருக்காது. அதனால் அதைக் கையில் எடுத்து உடைக்கக் கூடாது. உறைக்குள் இருக்கும்போதே கூரான நுனியை மட்டும் தீயில் காட்டி இளக்குவார்கள். வாயு தானே துளை போட்டு வெளியேறும். அப்புறம்தான் குழாயை வெட்டுவார்கள்.

1865-ல் மார்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரான காரியஸ், 1875 ஏப்ரல் 24-ல் 45 வயதிலேயே மறைந்தார்.

இன்று உணவு, மண் மாதிரிகளில் உலோகங்களைச் சோதிக்கும் லேப்களில் கண்ணாடிக்குப் பதில் டெஃப்லான் கலன், உலைக்குப் பதில் மைக்ரோவேவ். அழுத்தத்தைக் கண்காணிக்க சென்சாரும் உண்டு. ஆனால் மூடியைத் திறக்கும் விதி மாறவில்லை: முதலில் ஆறவிடணும், பிறகு மெதுவாக வாயுவை வெளியேற்றணும், அதன் பிறகே கை வைக்கணும்.