படிப்பு வராது எனப்பட்ட சிறாரை நம்பிய மரியா மாண்டிசோரி

மாண்டிசோரி என்ற பெயரைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருவது மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகைதான். கட்டணம் கூடுதலாக வாங்கும் பள்ளி என்றுகூட நம்மில் சிலர் எண்ணுகிறோம். ஆனால் அது ஒரு பெண்மணியின் பெயர். அவர் நம்மைப் போன்ற ஒரு கத்தோலிக்கர். மனநலக் காப்பகங்களில் அடைபட்டுக் கிடந்த சிறாரிடமும், ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளிடமும்தான் அவர் தமது பணியைத் தொடங்கினார். ஒரு குழந்தையைப் பார்த்து, இவனுக்குப் படிப்பு வராது என்று முடிவு கட்டும் முன் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்வு அவருடையது.

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் இத்தாலி நாட்டின் கியாரவாலே என்னும் ஊரில் பிறந்தார். அவர் சிறுமியாக இருந்தபோதே குடும்பம் உரோமை நகரில் குடியேறியது. பெண் பிள்ளைக்கு ஆசிரியப் பணியே போதும் என்று கருதப்பட்ட காலம் அது. மரியாவோ தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மருத்துவம் படிக்க விரும்பினார். தந்தைக்கு அதில் விருப்பமில்லை. தாய் துணை நின்றார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் உடற்கூறு பயில்வது தகாது என்று சொல்லப்பட்டதால், மற்றவர்கள் போன பிறகு பிணவறையில் தனியாக நின்று படித்தார். 1896-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் அவரும் ஒருவர். உன்னால் முடியாது என்ற சொல்லின் சுமையை அவர் நூல்களில் படித்து அறியவில்லை, தாமே சுமந்து அறிந்தார்.

பட்டம் பெற்றபின் உரோமைப் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். அப்பணிக்காக நகரின் மனநலக் காப்பகங்களுக்குச் சென்றபோது, வளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட சிறார் அங்கே பெரியவர்களோடு அடைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். அந்தச் சிறார் சாப்பிட்டு முடித்ததும் தரையில் கிடக்கும் ரொட்டித் துணுக்குகளைத் தேடிப் பொறுக்குவார்களாம். இது பேராசை என்று காப்பகப் பணியாளர் அருவருப்போடு சொன்னதாகக் கூறப்படுகிறது. மாண்டிசோரி அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். கையால் தொட்டுப் பார்க்க அங்கே வேறு ஒரு பொருளும் இல்லை. அந்தப் பிள்ளைகளின் பசி வயிற்றுப் பசியல்ல, அறிவுப் பசி என்று அவர் புரிந்துகொண்டார்.

இத்தகைய சிறாருக்குக் கற்பிக்க முயன்ற பிரெஞ்சு மருத்துவர்கள் இத்தார், செகென் ஆகியோரின் நூல்களை அவர் தேடிப் படித்தார். தம் கைப்பட இத்தாலிய மொழியில் பெயர்த்து எழுதினார். 1900-இல் உரோமையில் இவர்களுக்கெனத் தொடங்கப்பட்ட பள்ளியை மருத்துவர் ஜுசெப்பே மோன்டெசானோவுடன் இணைந்து நடத்தினார். பகல் முழுவதும் சிறாரோடு இருந்து, தொட்டும் அடுக்கியும் பொருத்தியும் கற்கும் பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். இரவில் தாம் கண்டதை எழுதி வைத்தார். பின்னர் அவர்களுள் சிலர் மற்றப் பள்ளிப் பிள்ளைகளோடு பொதுத் தேர்வில் அமர்ந்து, எழுதவும் படிக்கவும் தெரியும் என்று காட்டித் தேர்ச்சி பெற்றனர்.

ஊரே வியந்து பாராட்டியது. ஆனால் மாண்டிசோரியின் மனத்தில் எழுந்த கேள்வி வேறு. இந்தப் பிள்ளைகளே இவ்வளவு தூரம் வர முடியும் என்றால், நல்ல உடல்நலத்தோடு நல்ல பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் ஏன் இதே அளவில் நின்றுவிட்டார்கள்? அவர்களை அங்கே நிறுத்தி வைத்திருப்பது எது? தம் வாழ்நாளின் எஞ்சிய பகுதி முழுவதையும் அவர் இந்தக் கேள்விக்கே கொடுத்தார்.

அவரது வாழ்வில் ஆழ்ந்த வேதனையும் இருந்தது. 1898-இல் அவருக்கும் மோன்டெசானோவுக்கும் மாரியோ என்ற மகன் பிறந்தான். அவர்களிடையே திருமணம் நடக்கவில்லை. அக்காலச் சமூகத்தில் அந்தக் குழந்தையைத் தம் மகன் என்று சொல்லிக்கொள்ள அவரால் இயலவில்லை. குழந்தை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தது. 1912-இல் தம் தாய் இறந்த பின்னரே, பதின்வயதை எட்டிவிட்ட மகனை அவர் தம்மோடு சேர்த்துக்கொண்டார். பிறர் பிள்ளைகளின் முதல் ஆறு ஆண்டுகளைப் பற்றி உலகுக்கே எடுத்துச் சொன்ன அந்தத் தாய், தம் பிள்ளையின் முதல் ஆறு ஆண்டுகளை அருகிருந்து பார்க்கவில்லை. பின்னாளில் அந்த மகனே அவரது பணிக்கு வலக்கையாக விளங்கினார்.

1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள், திருக்காட்சிப் பெருவிழாவன்று, உரோமையின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் முதல் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் சுவர்களையும் படிக்கட்டுகளையும் பாழ்படுத்துகிறார்கள் என்பதே கட்டட உரிமையாளர்களின் கவலை. அவர்களுக்குத் தேவைப்பட்டது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், அவ்வளவுதான். அங்கே வந்த சுமார் 50 பிள்ளைகளும் மிரண்டுபோனவர்களாக, அழுகையோடு வந்தார்கள்.

அந்த இல்லத்தில் மாண்டிசோரி முதலில் செய்தது உற்றுக் கவனித்ததுதான். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டையில் உள்ள குழிகளில் உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மற்றப் பிள்ளைகளைப் பாட வைத்தார்கள். அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார்கள். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 40 தடவைக்கு மேல் அதையே செய்து முடித்து, நன்றாக உறங்கி எழுந்தவள்போல் மலர்ந்த முகத்தோடு எழுந்தாள். சிறு பிள்ளைகளுக்குக் கவனம் நிற்காது என்று அதுவரை எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

மற்றொரு நாள் ஆசிரியை பொருள்களை வைத்திருந்த அலமாரியைப் பூட்ட மறந்துபோனார். அவர் தாமதமாக வந்து பார்த்தபோது, பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதை எடுத்து அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவருக்கு அது திருட்டாகப் பட்டது. மாண்டிசோரிக்கோ, தமக்கு எது தேவை என்று தேர்ந்தெடுக்கும் அறிவு பிள்ளைகளுக்கு உண்டு என்பது புரிந்தது. அதன்பின் குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், பூட்டில்லாத அலமாரிகள் வந்தன. பரிசுகளும் தண்டனைகளும் தேவையற்றுப் போயின.

எழுதக் கற்பிப்பது முதலில் அவரது திட்டத்திலேயே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்தாம் வந்து கேட்டார்கள். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகளிடம் கொடுத்து, விரலால் தடவிக்கொண்டே அதன் ஒலியைச் சொல்லப் பழக்கினார். சில மாதங்களில், நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகத் தரையிலும் கதவிலும் சுண்ணக்கட்டியால் சொற்களை எழுதத் தொடங்கினார்கள். கை முன்பே தயாராகியிருந்தது. எழுத்து தானாக வந்தது. 1909-இல் அவர் இவற்றையெல்லாம் நூலாக எழுதி வெளியிட்டபின், உலகின் பல நாடுகளிலிருந்தும் ஆசிரியர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உன்னால் முடியும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு மாண்டிசோரி சும்மா இருக்கவில்லை. அந்த நம்பிக்கைக்கு ஏற்ற நாற்காலியைச் செய்தார், மேசையைச் செய்தார், எழுத்துகளைச் செய்தார், காத்திருந்தார். அறிவு பிறவியிலேயே அளந்து கொடுக்கப்பட்டது என்று எண்ணும் பிள்ளை கடினமானதைக் கண்டு பின்வாங்குவதையும், முயன்றால் வளரும் என்று எண்ணும் பிள்ளை தொடர்ந்து முயல்வதையும் கரோல் டுவெக் போன்ற உளவியலாளர்கள் நம் காலத்தில் எடுத்துக் காட்டியுள்ளார்கள். ஆனால் ஊக்கமூட்டும் பாடம் மட்டும் தரும் பலன் சிறிதளவே என்பதும் பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளில் தெரிய வந்துள்ளது. நம்பிக்கையும் வேண்டும், அது வேர்விட நல்ல நிலமும் வேண்டும்.

இறைநம்பிக்கையைக் கற்பிப்பதிலும் அவர் இதே வழியைப் பின்பற்றினார். ஸ்பெயின் நாட்டின் பார்சலோனாவில் குழந்தைகளின் உயரத்துக்கு ஏற்ற சிற்றாலயம் அமைக்கப்பட்டது. நற்கருணைக்குரிய கோதுமையையும் திராட்சையையும் சிறாரே பயிரிட்டார்கள். மனப்பாடம் செய்து ஒப்பிப்பதைவிட, கையால் செய்து கண்ணால் கண்டு செபிக்கக் கற்றார்கள். பின்னாளில், 1954-இல், உரோமையில் சோஃபியா கவல்லெத்தியும் ஜான்னா கோப்பியும் தொடங்கிய நல்லாயன் மறைக்கல்வி முறைக்கு இதுவே அடித்தளமாயிற்று.

முசோலினியின் ஆட்சி தொடக்கத்தில் அவரது பள்ளிகளை ஆதரித்தது; அவரும் அந்த ஆதரவை ஏற்றுக்கொண்டார். ஆனால் பிள்ளைகளைத் தாமாகச் சிந்திப்பவர்களாக வளர்க்கும் கல்வி சர்வாதிகாரத்தோடு நெடுநாள் ஒத்துப்போக முடியாது. 1934-இல் அவர் இத்தாலியை விட்டு வெளியேறினார். 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று மகனோடு சென்னை அடையாறுக்கு வந்தார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும், எதிரி நாட்டவர் என்று மாரியோ சிறை முகாமில் அடைக்கப்பட்டார். அன்னைக்கு 70 வயது நிறைந்த நாளில் ஆங்கில அரசு மகனை விடுவித்தது. அடையாறிலும், பின்னர் கொடைக்கானலிலும் வாழ்ந்த ஆண்டுகளில் அவர் ஏராளமான இந்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1946-இல் ஐரோப்பா திரும்பிய அவர், 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் காலமானார். அங்கே நோர்ட்வைக் நகரின் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இவரது வாழ்வு நம்மிடம் கேட்பது என்ன? தேர்வு முடிவுத் தாளில் கையெழுத்திடும்போது நம் வாயிலிருந்து வரும் சொல்லை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அண்ணனோடு தம்பியை ஒப்பிடுவதும், மக்கு என்று பெயர் சூட்டுவதும், மறைக்கல்வி வகுப்பில் ஒப்பிக்கத் தெரியாத பிள்ளையைக் கடைசி வரிசைக்கு அனுப்புவதும் நமக்குப் பழகிப்போன செயல்கள். பிள்ளை நம்மை நம்புகிறது. ஆகவே நாம் சொல்லும் முடியாது என்பதையும் நம்பிவிடுகிறது. சீடர்கள் அதட்டி விலக்கிய சிறு பிள்ளைகளை ஆண்டவர் இயேசு அருகில் அழைத்து அரவணைத்தார். அவர்களது மதிப்பெண்ணை அவர் கேட்கவில்லை.

இந்த வாரம் நம் வீட்டில், நம் வகுப்பில், நம் அன்பியத்தில் பின்தங்கிய பிள்ளை என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கும் ஒருவரோடு அரை மணி நேரம் உட்காருவோம். குறை சொல்லாமல், குறுக்கிடாமல், அந்தப் பிள்ளை விருப்பத்தோடு எதைச் செய்கிறது என்று பார்ப்போம். அங்கிருந்து கற்பிக்கத் தொடங்குவோம். அதற்கான பொறுமையை இறைவன் நம் எல்லாருக்கும் தருவாராக.