பூக்களை அளந்த பட்டியலும் றொனால்ட் பிஷரும்

தரவு இதழியல் பயிற்சியொன்றில் எனக்கு முதலில் தந்தது ஒரு பூப் பட்டியல். 150 ஐரிஸ் பூக்கள், மூன்று இனங்கள், இனத்துக்கு 50. ஒவ்வொன்றினதும் புல்லியிதழ், அல்லியிதழ்களின் நீளமும் அகலமும் சென்ரிமீற்றரில் இருந்தன. அளவுகளை மட்டும் பார்த்துக் கணினி இனத்தைச் சொல்ல வேண்டும். பட்டியல் றொனால்ட் பிஷரின் பெயரில் இருந்தது.

பிஷர் 1890இல் இலண்டனில் பிறந்தவர். சிறுவயதிலிருந்தே பார்வை மிகக் குறைவு. அதனால் தாளும் பேனையும் இல்லாமல் மனதுக்குள்ளேயே கணக்குச் செய்யப் பழகினார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார். முதலாம் உலகப் போரில் படையில் சேரப் போனவரைக் கண்ணைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். சில காலம் பாடசாலையில் படிப்பித்துவிட்டு, 1919இல் றொதம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். ஒரு வயலில் விளைச்சல் கூடினால் அது உரத்தாலா, தற்செயலா என்று பிரித்தறியும் முறைகளை அங்கேதான் வகுத்தார். இன்று மருந்துகளைப் பரிசோதிப்பவர்களும் அந்த வழியில்தான் போகிறார்கள்.

பூக்களை அளந்தவர் அவரல்ல. அது எட்கார் அண்டர்சன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளரின் உழைப்பு. இரண்டு இனங்களின் பூக்கள் கனடாவின் கியூபெக்கில், காஸ்பே குடாநாட்டில் சேகரித்தவை. பிஷர் 1936இல் அந்த நான்கு அளவுகளையும் ஒரே எண்ணாகச் சேர்க்கும் வழியைக் காட்டினார். செற்றோசா இனம் தனியே விலகி நின்றது. வேர்சிகலரும் வேர்ஜினிக்காவும் ஓரத்தில் ஒன்றோடொன்று கலந்தன.

அந்தக் கட்டுரை எந்த ஆய்விதழில் வந்தது என்று பயிற்சியில் யாரும் சொல்லவில்லை. பிறகு நானே தேடிப் பார்த்தேன். இனமேம்பாட்டியல் ஆய்விதழ். 'நல்ல' பரம்பரையைப் பெருக்கி, 'தாழ்ந்த' பரம்பரையைக் குறைக்கலாம் என்று நம்பிய துறை அது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிஷர் அத்துறைக்கே பேராசிரியர். மனவளர்ச்சி குன்றியவர்களுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சையைச் சட்டபூர்வமாக்கப் பரிந்துரைத்த அரச குழுவிலும் இருந்தார். நாசிகள் செய்ததை உலகம் அறிந்த பின்னரும், மனிதக் குழுக்களிடையே அறிவிலும் உணர்விலும் பிறவி வேறுபாடு உண்டென்று யுனெஸ்கோவின் அறிக்கையை மறுத்தார். பூக்களிலேயே எல்லை கலந்து கிடந்ததைக் கண்டவர், மனிதரில் மட்டும் அதை எப்படி அவ்வளவு உறுதியாக நம்பினார்?

1943இல் போர் விமானியான மூத்த மகன் ஜோர்ஜ் கொல்லப்பட்டார். அந்தப் போர்க்காலத்திலேயே குடும்பமும் பிரிந்தது. பிஷர் 1962இல் அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் இறந்தார்.

2020இல் அவர் படித்த கேம்பிரிட்ஜ் கல்லூரி, அவர் நினைவாக வைத்திருந்த வண்ணக் கண்ணாடி யன்னலை அகற்ற முடிவெடுத்தது. ஆசிரியர்கள் பலர் ஐரிஸுக்குப் பதிலாக அந்தாட்டிக்காவில் அளந்த பென்குயின் தரவுகளை எடுக்கிறார்கள். நான் பழைய பட்டியலை அழிக்கவில்லை. அதன் மேலே அண்டர்சனின் பெயரையும், ஆய்விதழின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்.