யானை கொல்லவில்லை

மதுரை வடக்கு வெளி வீதியிலே இருக்கிறது சேதுபதி பள்ளிக்கூடம். 1904-ம் ஆண்டு ஆகஸ்டு முதல் நவம்பர் வரை அங்கே தமிழாசிரியராக வேலை பார்த்தவர் சுப்பிரமணிய பாரதியார். வயது இருபத்தொன்று. அதே ஆண்டில்தான் மதுரை 'விவேகபாநு' பத்திரிகையில் அவருடைய பாட்டு அச்சேறியது.

கிடைத்ததோ தற்காலிக வேலை. ஜி. சுப்பிரமணிய ஐயர் அழைத்தார். சென்னைக்குப் போய் 'சுதேசமித்திரன்' நாளேட்டில் உதவியாசிரியராக அமர்ந்தார். ஆங்கிலத் தந்திகளைத் தமிழாக்குவது அவர் வேலை. 1906-ல் 'இந்தியா' வார ஏடு. 1908-ல் அடக்குமுறை பாய்ந்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் பத்தாண்டு. 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கைது, கடலூர்ச் சிறை. 1920-ல் மீண்டும் சுதேசமித்திரன்.

அவர் எப்படி இறந்தார் என்று கேட்டுப் பாருங்கள். யானை அடித்து இறந்தார் என்றே பலரும் சொல்லுவார்கள்.

உண்மை என்ன? திருவல்லிக்கேணிக் கோயில் யானை அவரைத் தள்ளியது மெய். குவளைக்கண்ணன் பாய்ந்து தூக்கிக் காப்பாற்றினார். காயம் ஆறியது; வேலைக்கும் திரும்பினார். 1921 ஆகஸ்டுத் தொடக்கத்தில் ஈரோட்டுக் கருங்கல்பாளையம் வரை சென்று மேடையேறிப் பேசினார். யானை கொன்ற மனிதரா அங்கே பேசினார்? அடுத்த மாதம் அவரைக் கொண்டுபோனது வயிற்றுக்கடுப்பு நோய். நாற்பது வயதுகூட நிறையவில்லை.

நாளிலும் ஒரு சங்கதி உண்டு. நாடு நினைவுநாள் கொண்டாடுவது செப்டம்பர் 11. சென்னை மாநகராட்சி இறப்புப் பதிவேட்டில் இருப்பதோ செப்டம்பர் 12. நள்ளிரவு கடந்து உயிர் பிரிந்ததால் வந்த வேற்றுமை இது.

யானைமேல் பழி போட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். முழுகத்தான் செய்கிறது! யானை கொன்றது என்றால், விதி என்று பெருமூச்சு விட்டு எழுந்து போய்விடலாம். நோய் கொன்றது என்றால் கேள்வி பிறக்கிறது. ஊர்விட்டு ஊர் துரத்தியது யார்? வறுமையும் சிறையும் அந்த உடலை என்ன செய்தன? ஆலையில் ஒரு தொழிலாளி இயந்திரத்தில் சிக்கி மாண்டால், அவனுடைய கவனக்குறைவு என்று ஒரே சொல்லில் செய்தியை முடிக்கிறார்களே, அதுவும் இந்த ரகம்தான். இயந்திரத்துக்குத் தடுப்பு இருந்ததா, எத்தனை மணி நேரம் வேலை வாங்கினார்கள் என்று கேட்க அப்புறம் ஆள் இல்லை.

நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று மதுரைக் கல்லூரிகளில் பத்திரிகைத் தொழில் பயில்கிறார்கள். கைபேசியில் வந்ததை அப்படியே எழுதாதே என்று அவர்களுக்குச் சொல்லுவோம். பார்த்தவரைக் கேள். பதிவேட்டைப் புரட்டு. தேதிகளை அடுக்கி வைத்துப் பார். ஆகஸ்டிலே மேடையில் பேசியவர் அதற்கு முன்பே இறந்திருக்க முடியாது என்பது தானே விளங்கும். அன்பினால் சொன்னாலும் பொய் பொய்தான்.

தெருமுனையில் பேசும் தோழர்களுக்கும் இதுவே வேண்டுகோள். வரும் பாரதி விழாவில் அந்த யானையை மேடையை விட்டு இறக்கி விடுங்கள்!