கை கழுவச் சொன்ன டாக்டர்!

மாணவச் செல்வங்களே! மதிய மணி அடித்ததும் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறப்பவர்கள் உங்களில் எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம். பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். எனக்கே தெரியும்!

கை கழுவிவிட்டு வா என்று அம்மா சொன்னால் நமக்கு அலுப்பாக இருக்கிறது. ஆனால், அதே வார்த்தையைப் பெரிய பெரிய டாக்டர்களிடம் சொல்லிவிட்டு, வாழ்நாள் முழுவதும் அவதிப்பட்ட ஒருவர் இருந்தார். அவர்தான் இக்னாஸ் செம்மல்வெய்ஸ்.

ஹங்கேரி நாட்டின் புடா நகரில், 1818-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி அவர் பிறந்தார். அப்பா மளிகை வியாபாரி. வக்கீலாக வேண்டும் என்று 1837-இல் வியன்னா நகருக்குப் படிக்கப் போனார். ஆனால், மனம் மருத்துவத்தில் பதிந்துவிட்டது. 1844-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1846-இல் வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார்.

அங்கே இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. முதல் வார்டில் மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெற்றார்கள். இரண்டாவது வார்டில், பிரசவம் பார்க்கப் பழகும் பெண்கள் பயிற்சி பெற்றார்கள். குழந்தை பெற்ற தாய்மார்களுக்குக் கடுமையான காய்ச்சல் வரும். பிரசவக் காய்ச்சல் என்று அதற்குப் பெயர். வந்தால் பிழைப்பது அரிது. 1846-ஆம் ஆண்டில் முதல் வார்டில் நூற்றுக்குப் பதினொரு தாய்மார்கள் இறந்தார்கள். இரண்டாவது வார்டிலோ நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு!

இந்தச் செய்தி ஊருக்கே தெரிந்திருந்தது. முதல் வார்டில் சேர்க்காதீர்கள் என்று கர்ப்பிணிகள் காலில் விழுந்து அழுதார்கள். வரும் வழியில் தெருவிலேயே குழந்தை பெற்ற பெண்களுக்குக்கூட அந்தக் காய்ச்சல் குறைவாகவே வந்தது. இது என்ன கொடுமை?

இப்போது நீங்களே துப்பறியுங்கள். ஒரே மருத்துவமனை. ஒரே காற்று. அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது?

செம்மல்வெய்ஸ் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கூட்ட நெரிசலா? இல்லை, இரண்டாவது வார்டில்தான் நெரிசல் அதிகம். தாய்மார்களைப் படுக்க வைக்கும் விதமா? அதை மாற்றிப் பார்த்தார், பலன் இல்லை. இறக்கும் தறுவாயில் இருப்பவருக்காகப் பாதிரியார் மணி அடித்தபடி முதல் வார்டு வழியாகப் போவார். அந்த ஓசையைக் கேட்டுப் பயப்படுகிறார்களோ? மணியை நிறுத்தச் சொன்னார். அப்போதும் சாவு குறையவில்லை. அவருக்குத் தூக்கமே போய்விட்டது.

1847-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவருடைய நண்பர் பேராசிரியர் கொலெட்ச்கா இறந்துபோனார். பிணப் பரிசோதனை செய்தபோது ஒரு மாணவரின் கத்தி அவர் விரலில் பட்டுவிட்டது. அந்தச் சிறு காயத்தால் காய்ச்சல் கண்டு இறந்தார். அவருடைய உடலைப் பரிசோதித்த அறிக்கையைச் செம்மல்வெய்ஸ் படித்தார். பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மார்களின் உடலில் காணப்பட்ட அதே மாற்றங்கள் நண்பர் உடலிலும் இருந்தன!

புதிர் அவிழ்ந்தது. மருத்துவ மாணவர்கள் காலையில் பிணங்களை அறுத்துப் படித்தார்கள். அந்தக் கையோடு பிரசவ வார்டுக்கு வந்தார்கள். இரண்டாவது வார்டுப் பெண்கள் பிணங்களைத் தொடுவதே இல்லை. அப்படியானால் எமன் வந்தது எந்த வழியாக? டாக்டர்களின் கை வழியாக! தன் கையும் அதில் அடக்கம் என்று உணர்ந்தபோது செம்மல்வெய்ஸ் துடித்துப்போனார்.

சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் பிண வாடை போகவில்லை. அதைப் போக்க, குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரைத் தேர்ந்தெடுத்தார். நம் ஊர்க் கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடர் இந்த வகைதான். 1847 மே மாதம் முதல், அந்த நீரில் கை கழுவாமல் யாரும் வார்டுக்குள் நுழையக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

பலனைப் பாருங்கள்! ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டு பேர் இறந்திருந்தார்கள். ஜூன் மாதம் அது இரண்டாகக் குறைந்தது. 1848-இல் மார்ச், ஆகஸ்ட் ஆகிய இரண்டு மாதங்களில் ஒருவர்கூட இறக்கவில்லை.

ஊரே அவரைக் கொண்டாடியிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. நோயைப் பரப்புவது எங்கள் கைகளா என்று பல டாக்டர்களுக்குக் கோபம் வந்தது. கிருமிகளால் நோய் வருகிறது என்பதை அன்று யாரும் நிரூபித்திருக்கவில்லை. 1849-இல் அவர் பதவிக் காலம் முடிந்தது. நீட்டிப்புக் கிடைக்கவில்லை. ஹங்கேரிக்கே திரும்பி, பெஸ்ட் நகர மருத்துவமனையில் அதே முறையைக் கொண்டுவந்தார். அங்கும் தாய்மார்கள் பிழைத்தார்கள்.

செம்மல்வெய்ஸிடமும் ஒரு குறை இருந்தது. கண்டுபிடித்ததை உடனே எழுதி வைக்கவில்லை. புத்தகம் வெளிவந்தபோது 1861-ஆம் ஆண்டு ஆகிவிட்டது. எதிர்த்தவர்களைக் கடுமையாகத் திட்டிக் கடிதங்கள் எழுதினார். அதனால் எதிரிகள் பெருகினார்கள். நாளடைவில் மனநலம் குன்றியது. 1865-இல் வியன்னாவில் ஒரு மனநல விடுதியில் சேர்த்தார்கள். அங்கே காயத்தில் சீழ்பிடித்து, ஆகஸ்ட் 13-ஆம் தேதி இறந்தார். வயது 47. எந்த வகை நோயை எதிர்த்துப் போராடினாரோ, அதே வகை நோயே அவரையும் கொண்டுபோனது.

பிறகு பிரான்ஸ் நாட்டு லூயி பாஸ்டர் போன்ற விஞ்ஞானிகள் நோய்க்கிருமிகளைக் காட்டினார்கள். அப்போதுதான் செம்மல்வெய்ஸ் சொன்னது சரி என்று உலகம் ஒப்புக்கொண்டது. இன்று புடாபெஸ்டில் உள்ள மருத்துவப் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சரி, பழைய கதைதானே என்று எண்ணாதீர்கள். கை வழியாகப் பரவும் கிருமிகள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று நோரோ வைரஸ். 1968-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நார்வாக் என்ற ஊரில், ஒரு பள்ளியில் ஏராளமான பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. அதற்குக் காரணமான வைரஸை 1972-இல் ஆல்பர்ட் கபிக்கியான் என்ற விஞ்ஞானி எலக்ட்ரான் நுண்ணோக்கி மூலம் கண்டுபிடித்தார். அந்த ஊர்ப் பெயரிலிருந்தே நோரோ என்ற பெயர் வந்தது.

இது பொல்லாத கிருமி. சில பத்து வைரஸ்கள் வயிற்றுக்குள் போனாலே நோய் வரலாம். கதவுப் பிடியிலும் மேசையிலும் பல நாட்கள் தாக்குப்பிடிக்கும். லேசான சூட்டுக்கு அசையாது. கொரோனா வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை உண்டு. அதை சானிடைசர் கரைத்துவிடும். நோரோவுக்கு அந்த உறையே கிடையாது. அதனால் சானிடைசர் அதனிடம் சரியாகப் பலிக்காது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில், இருபது விநாடிகளாவது தேய்த்துக் கழுவினால் கையை விட்டுப் போய்விடும். நோயாளி வாந்தி எடுத்த இடத்தைப் பெரியவர்கள் குளோரின் கலந்த பிளீச்சிங் கரைசலால் துடைக்க வேண்டும். பார்த்தீர்களா? செம்மல்வெய்ஸ் எடுத்த அதே குளோரின்தான் இன்றும் கை கொடுக்கிறது!

நாளை மதிய மணி அடித்ததும் முதலில் குழாயடிக்குப் போங்கள். நகத்துக்குள்ளும் விரல் இடுக்கிலும் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். செம்மல்வெய்ஸுக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.