மூச்சை ஆராய்ந்த ஹால்டேன்

நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் கீழ்க்கரையில் மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் முதலிய ஊர்கள் பாக் விரிகுடாவை நோக்கி அமைந்துள்ளன. அதற்குத் தெற்கே மன்னார் வளைகுடாவில் முன்னாளில் முத்துக் குளித்தோர் கல்லின் துணையால் கடலடி சென்று, மூச்சு முட்டுங்கால் கயிற்றை அசைப்பர். தோணியில் நிற்பவன் அவ்வசைவை உணர்ந்து அவரை இழுத்தெடுப்பான். இக்காலத்தில் காற்றுக்கலம் சுமந்து ஸ்கூபா முறையில் மூழ்குவோர் வாயில் குழாயைக் கவ்வியிருத்தலின் பேசல் இயலாது. கையே அவர்தம் நா. மூடிய கையை மார்பில் வைத்தால், காற்றுக் குறைந்தது என்பது பொருள். விரித்த கையைத் தொண்டைக்குக் குறுக்கே அசைத்தால், காற்று அறவே இல்லை என்பது பொருள். கண்ட கணமே துணைவன் தன்னிடமுள்ள மற்றொரு குழாயை நீட்டுதல் வேண்டும்.

இவ்வடையாளங்களை வகுத்தவர் ஜே. பி. எஸ். ஹால்டேன் அல்லர். ஆயினும், தீய காற்று மனிதனை எவ்வாறு மயக்குகின்றது என்பதைத் தம் உடம்பிலேயே சோதித்தறிந்தவருள் அவர் தலைசிறந்தவர். நம் நாட்டைத் தம் நாடாகக் கொண்டு இங்கேயே மறைந்தவருமாவர். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

ஹால்டேன் 1892-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரிற் பிறந்தார். அவர் தந்தையார் ஜே. எஸ். ஹால்டேன் மூச்சின் இயல்பை ஆராய்ந்த பேரறிஞர். மைந்தர் சிறுவராயிருந்தபோதே அவரைத் தந்தையார் நிலக்கரிச் சுரங்கமொன்றிற்கு உடனழைத்துச் சென்றார். மீத்தேன் வாயு தங்கிய இடமொன்றில் எழுந்து நின்று, ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் மார்க் ஆண்டனி பேசும் பேச்சை ஒப்பிக்கப் பணித்தார். சிறிது சொல்வதற்குள் சிறுவர்க்கு மூச்சிரைத்தது, கால் தளர்ந்தது, குரல் நின்றது. அவ்வாயு காற்றினும் இலேசாதலின் கூரையை ஒட்டியே தங்கும். ஆகவே தரையில் வீழ்ந்த சிறுவர் நல்ல காற்றைப் பெற்றுத் தெளிந்தார். குரல் நின்றமையே அன்று காற்றின்மைக்கு அடையாளமாயிற்று. அவ்வடையாளத்தைக் கேட்கத் தந்தையார் அருகில் இருந்தார் என்பதும் நாம் மறக்கற்பாலதன்று.

அக்காலத்தில் ஆங்கிலக் கடற்படையின் மூழ்குவோர் ஆழத்தில் விரைவில் களைத்து மயங்கினர். தலைக்கவசத்துட் கரியமிலவாயு சேர்தலே அதற்குக் காரணமென்றும், ஆழம் மிகுந்தோறும் மேலிருந்து அனுப்பும் காற்றும் மிகுதல் வேண்டுமென்றும் தந்தையார் கண்டார். மூழ்கினோர் படிப்படியாக நின்று நின்று மேலேறும் முறையை அவரும் துணைவரும் 1908-இல் வெளியிட்டனர். இவ்வாராய்ச்சியின் பொருட்டு 1906-இல் ஸ்காட்லாந்துக் கடலில் இருந்தபோது, பதின்மூன்று வயதினரான மைந்தரும் மூழ்கினார். பெரியோர்க்கென அமைந்த உடை அவர்க்குப் பொருந்தாமையால் குளிர்நீர் உட்புகுந்து ஏறிற்று. அவரோ அஞ்சாது தம் காற்றைத் தாமே சீர்செய்துகொண்டு மேல்வந்து சேர்ந்தார்.

முதல் உலகப்போரில் 1915-இல் நச்சுவாயு ஏவப்பட்டபோது, தந்தையும் மைந்தரும் குளோரின் நிறைந்த அறையுட் புகுந்து, வீரர் அணியத்தக்க முகமூடிகளைச் சோதித்தனர். பிற்காலத்தில் மைந்தர் மரபியல் வல்லுநராய் உலகப் புகழ் எய்தினார்.

1939-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் லிவர்ப்பூல் விரிகுடாவில், தீடிஸ் என்னும் புதிய நீர்மூழ்கிக் கப்பல் சோதனை ஓட்டத்தில் அமிழ்ந்தது. அதன் பின்புறம் நீருக்கு மேல் தோன்றியும், நால்வரே பிழைத்தனர். 99 பேர் மாண்டனர். தொழிற்சங்கத்தார் வேண்ட, ஹால்டேன் நண்பர் சிலரோடு காற்றடைத்த இரும்பறையுட் பல மணிநேரம் அடைபட்டிருந்து, கரியமிலவாயு மிகுதலால் விளையும் தலைநோவையும் மூச்சிரைப்பையும் தாமே அனுபவித்து உண்மையை நிறுவினார். போர்க்காலத்தில் மிக்க அழுத்தமுள்ள காற்றையும் பிராணவாயுவையும் சுவாசித்துச் சோதித்தார். நைட்ரஜனின் மயக்கத்தில் எளிய கணக்கும் பிழைபட்டது. பிராணவாயுவோ வலிப்பை விளைத்தது. அவ்வலிப்பொன்றால் அவர் முதுகெலும்பு ஊறுபட்டது.

இவ்வாராய்ச்சிகளால் நாம் அறிவது யாது? தீய காற்று முதலிற் கெடுப்பது அறிவை. அறிவு கெட்டவன் தன் கேட்டைத் தான் அறியான். ஆதலின், கைகாட்டும் தெளிவு உள்ளபோதே காட்டல் வேண்டும். துணைவனும் அவன் காட்டும்வரை காத்திராது, காற்று எவ்வளவு உளதெனக் கையாலேயே அடிக்கடி வினவல் வேண்டும்.

1957-இல் ஹால்டேன் தம் மனைவியார் ஹெலன் ஸ்பர்வேயுடன் இந்தியாவிற்கு வந்து, கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற் பணியேற்றார். நம் நாட்டுக் குடியுரிமை பெற்று, நம் உடை உடுத்து, புலாலுணவும் நீத்தார். பின்னர்ப் புவனேசுவரம் சென்று, புற்றுநோயால் 1964-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள் உயிர் நீத்தார். அவர் விருப்பப்படி அவர் உடல் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு மாணவர் பயிற்சிக்காக அளிக்கப்பட்டது.

அவர் கடவுளை நம்பாதவர். கிறிஸ்தவனாகிய யான் அவரோடு இவ்வகையில் ஒருப்படேன். எனினும், பிறர் மூச்சைக் காக்கத் தம் மூச்சைப் பணயம் வைத்த அவர் செயலை நோக்குங்கால், நாவால் விசுவாசம் பேசும் என்போலியர் நாணுதற்கு இடமுண்டு. விடுதியில் நம் அருகே உறைவோருள் வாய்விட்டுச் சொல்லமாட்டாது திணறுவோர் எத்தனை பேரோ! அவர் காட்டும் சிறு அடையாளத்தையும் காணுங் கண் நமக்கு வேண்டும். கண்டபின் நம்மிடமுள்ளதை நீட்டுங் கையும் வேண்டும்.