பேராசிரியர் ருடால்ப் விர்ச்சோ

இற்றைநாளில் புற்றுநோயாளரிடமிருந்து 7.5 மில்லிலிட்டர் குருதி எடுத்து, அதனுள் அலையும் புற்றணுக்களைக் காந்தத்தின் உதவியால் பிரித்து எண்ணுகின்றனர். ஒரு மில்லிலிட்டர் குருதியில் செவ்வணுக்களே ஏறத்தாழ 500 கோடி. அவற்றிடையே புற்றணு ஒன்று அகப்படுதலும் அரிது. மார்பகப் புற்றுநோய் பரவிய பெண்டிருள், அவ்வளவு குருதியில் ஐந்தோ அதற்கு மேலோ காணப்பெற்றவரின் வாழ்நாள் குறுகியிருந்ததென்பது 2004-ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியால் புலனாயிற்று. இத்துறைக்கு அடிகோலியும், அதன் வாயிலில் வந்து உட்புகாது நின்ற பெரியார் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுக் கூறுவாம்.

ருடால்ப் விர்ச்சோ 1821-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள், அன்று பிரஷ்யாவைச் சார்ந்ததும் இன்று போலந்தில் உள்ளதுமான ஷீவல்பைன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அரசாங்கச் செலவில் பெர்லினில் இராணுவ வைத்தியக் கல்வி பயின்று, 1843-இல் பட்டம் பெற்று, ஷாரிட்டே வைத்தியசாலையில் பிரேதப் பரிசோதனைத் துறையில் அமர்ந்தார். 1845-இல் இறந்த பெண்ணொருத்தியின் குருதி வெளுத்திருக்கக் கண்டார். பிறர் அதனைச் சீழெனக் கருதியிருப்பர். அவரோ அதனைப் பூதக்கண்ணாடியில் நோக்கி, வெள்ளணுக்கள் மிகுந்தமையே நோயென உணர்ந்து, ஈராண்டில் அதற்கு லுக்கீமியா என்று பெயரிட்டார்.

அடுத்து அவர் செய்தது இன்னும் பெரிது. நுரையீரற் குழாய்களை அடைத்து உயிரைப் போக்கும் உறைகட்டிகள் அங்கேயே தோன்றுவன என்பது அக்காலத்தார் கொள்கை. விர்ச்சோ நாய்களின் கழுத்துக் குழாயில் ரப்பர்த் துண்டுகளைச் செலுத்திப் பார்த்தார்; அவை நுரையீரலிற் சென்று தங்கியிருந்தன. ஓரிடத்தில் உண்டானது குருதியோடு சென்று வேறிடத்தில் தங்கிக் கேடு செய்யும் என்பதை இங்ஙனம் நிலைநாட்டினார்.

1848-இல் மேல் சைலீஷியாவின் டைபஸ் கொள்ளைநோயை ஆராய்ந்து, வறுமையும் கல்வியின்மையுமே காரணமென அரசாங்கத்துக்கு அஞ்சாது எழுதினார். அரசியற் கிளர்ச்சியிலும் ஈடுபட்டமையால் பெர்லினை விட்டு வூர்ஸ்பர்க் செல்ல நேர்ந்தது. 1856-இல் திரும்பி வந்து, 1858-இல் அணுவிலிருந்தே அணு தோன்றுமென விளக்கும் தம் பெருநூலை வெளியிட்டார். ரெமாக் என்பார் இக்கருத்தை முன்னரே கூறியிருந்தார். அவருக்குரிய புகழ் அவருக்குக் கிட்டவில்லை.

இனி வியப்பானதொன்று. உறைகட்டியின் பிரயாணத்தைக் கண்டவர், புற்றணுவின் பிரயாணத்தை ஏற்கவில்லை! கட்டியிலிருந்து பரவும் ஒருவகைச் சாறே தொலைவிலுள்ள இணைப்புத் திசுவைக் கெடுத்துப் புதிய கட்டியை உண்டாக்குகிறது என்றார். அவர்தம் பெயரின் கனத்தால் பலரும் அதனையே நம்பினர். தியர்ஷ் 1865-லும், வால்டையர் அதன் பின்னரும் மாறுபட்ட சான்றுகளைக் காட்டினர். 1869-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஆஷ்வொர்த் என்னும் மருத்துவர், புற்றுநோயால் இறந்த ஒருவனது கால் இரத்தக்குழாயின் குருதியில், அவன் கட்டிகளில் இருந்தவற்றை ஒத்த அணுக்களைக் கண்டெழுதினார். நாய்களிடம் சோதித்தவாறு இதனையும் விர்ச்சோ சோதித்திருப்பரேல் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

1887-இல் பட்டத்திளவரசர் பிரெடெரிக்கின் தொண்டையிலிருந்து எடுத்த சிறு துண்டுகள் அவரிடம் வந்தன. அவற்றில் புற்று இல்லை என்றார். துண்டளவில் அத்தீர்ப்பு பொருந்தியிருக்கலாம். ஆயின் அதனை நம்பி அறுவை சிகிச்சை நிறுத்தப்பட்டது. மன்னராகி 99 நாட்களே ஆண்டு, 1888 ஜூன் 15-ஆம் நாள் அந்நோயினாலேயே பிரெடெரிக் மாண்டார்.

விர்ச்சோ எண்பது வயதிலும் ஓயாது உழைத்தார். 1902 ஜனவரியில், ஓடும் டிராம் வண்டியிலிருந்து குதித்துத் தொடையெலும்பு முறியப்பெற்று, அதன்பின் தேறாது, செப்டம்பர் 5-ஆம் நாள் பெர்லினில் உயிர்நீத்தார்.